வீட்டு வரி, வண்டி வரி: யார் வாங்குகிறார்கள், கணக்கு எங்கே பிசகுகிறது

வீட்டுக்குச் சொத்து வரி, வண்டிக்குச் சாலை வரி. இரண்டையும் ‘கவர்மென்ட்டுக்குக் கட்டுறது’ என்று ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதுதான் நம் வழக்கம். ஆனால் வாங்குகிற கை வேறு. நிலம், கட்டடம் மீதான வரி அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 49-வது இனம். வாகன வரி அதே பட்டியலில் 57-வது இனம். இரண்டுமே மாநிலத்தின் அதிகாரம்தான். முதலாவதை மாநில அரசு சட்டம் போட்டு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளிடம் ஒப்படைத்துவிட்டது. இரண்டாவதைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

முன்பு அப்படி இல்லை. வண்டி, மாடு, குதிரை எல்லாவற்றுக்கும் நகராட்சிகள் வரி வாங்கின. சைக்கிளில் உள்ளாட்சி லைசென்ஸ் வில்லை மாட்டியிருந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மோட்டார் வாகனங்களைப் பொறுத்தவரை 1931-ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம்தான் திருப்பம். உள்ளாட்சிகளின் வண்டி வரியையும் சுங்கத்தையும் எடுத்துவிட்டு, ஈடாக இழப்பீடு தரும் ஏற்பாடு அது. இப்போது நடப்பில் இருப்பது 1974-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம். ஆகவே தெருவில் பள்ளம் என்று மாநகராட்சியிடம் போய், ‘ரோடு டாக்ஸ் கட்டியிருக்கிறேனே’ என்று சண்டை போட்டால், அந்தப் பணம் அவர்கள் கல்லாவுக்கு வரவே இல்லை என்பதுதான் உண்மை. சொத்து வரியைச் சொல்லிச் சண்டை போடலாம், அது நியாயம்.

வாங்கும் கை வேறு என்பதால் வாங்கும் முறையும் வேறு. நகரங்களில் வீட்டு வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வீடு நிற்கும் வரை வரும். அலுவலகப் பதிவில் ஒரு தவறு இருந்தால் அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடவே வரும். வண்டி வரியோ, சொந்த வாகனங்களுக்கு, வாங்கும் அன்றே ஒரே தவணையில் முடிந்துவிடுகிறது. வீட்டு வரியில் பார்க்க வேண்டியது பதிவேட்டை. வண்டி வரியில் பார்க்க வேண்டியது விலைப்பட்டியலை, அதுவும் புக்கிங் பண்ணுவதற்கு முன்னால்.

வீட்டுக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். இந்தியாவில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. மும்பை 2010 முதல் சொத்தின் மூலதன மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறது. டெல்லி 2004 முதல் ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்ற அலகு முறைக்கு மாறியது. சென்னையும் தமிழ்நாட்டின் மற்ற நகரங்களும் ஆண்டு வாடகை மதிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ‘வாடகை மதிப்பு’ என்றதும், நீங்கள் நிஜமாக வாங்குகிற வாடகையைக் கேட்பார்கள் என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று மாநகராட்சி ஒரு விகிதம் வைத்திருக்கிறது. அதைக் கட்டடப் பரப்பால் பெருக்கினால் வருவதுதான் மாத வாடகை மதிப்பு. சந்தை வாடகையோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும் அளவுக்குச் சிறிய தொகை அது. 1998-க்குப் பிறகு நெடுங்காலம் சென்னையில் குடியிருப்புகளுக்கான தெரு விகிதம் சதுர அடிக்கு 60 காசிலிருந்து 2 ரூபாய் 40 காசு வரைதான் இருந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 900 சதுர அடி வீடு, தெரு விகிதம் 2 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வாடகை மதிப்பு 1,800 ரூபாய். பன்னிரண்டால் பெருக்கினால் 21,600. இதில் 10 சதவீதத்தை, அதாவது 2,160 ரூபாயை, நிலத்தின் பங்கு என்று ஒதுக்குகிறார்கள். மீதி 19,440 கட்டடத்தின் பங்கு. அதில் 10 சதவீதம் பழுதுபார்ப்புக்காகக் கழிக்க, 17,496 நிற்கும். ஒதுக்கிய நிலப் பங்கைத் திரும்பச் சேர்த்தால் 19,656. இதுதான் ஆண்டு மதிப்பு. இவ்வளவு சுற்றத் தேவையில்லை என்றால் மாத மதிப்பை 10.92-ஆல் பெருக்குங்கள், அதே விடைதான். மாநகராட்சி ஊழியர்கள் ‘பத்து புள்ளி தொண்ணூற்றிரண்டு’ என்று மந்திரம் போலச் சொல்லும் எண் பிறந்த கதை இதுதான்.

அந்த ஆண்டு மதிப்பின் மேல் அரையாண்டு வரி. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆண்டு மதிப்புக்கு, 2022 உயர்வுக்கு முந்தைய கணக்கில், பொது வரி, கல்வி வரி, நூலக வரி மூன்றும் சேர்ந்து அரையாண்டுக்கு 12.40 சதவீதம். நம் வீட்டுக்கு 2,437 ரூபாய். இதில் நூலக வரி மாநகராட்சிக்கே சொந்தமில்லை. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டிய பணம் அது.

2022 ஏப்ரலில் வந்த உயர்வு இந்தத் தொகையின் மேல்தான் உட்கார்ந்தது. 1998-க்குப் பிறகு சென்னையில் 2018 வரை பொதுத் திருத்தமே நடக்கவில்லை. 2018-இல் ஒருமுறை உயர்த்தினார்கள். எதிர்ப்பு வலுத்ததால் 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். பிறகு 15-வது நிதிக்குழு, நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் வளர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. கால் நூற்றாண்டு தள்ளிப்போட்டதை ஒரே நாளில் ஏற்றினால் எப்படி இருக்கும் என்பதை அந்த ஆண்டு பில்லைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

சென்னையின் பழைய பகுதிகளில் குடியிருப்புகளுக்கு உயர்வு இப்படி இருந்தது: 600 சதுர அடி வரை 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150. 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த புறநகர்ப் பகுதிகளுக்கும் பிற மாநகராட்சிகளுக்கும் இதே படிகளில் 25, 50, 75, 100 சதவீதம். நம் 900 சதுர அடி வீட்டுக்கு 75 சதவீதம் கூட்டினால் 4,265 ரூபாய். பிறகு 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டில் 6 சதவீதம் ஏறியது, 4,521 ஆகிவிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 9,040.

படி முறையில் ஒரு வில்லங்கம் உண்டு. 1,200 சதுர அடி வீட்டுக்கு இதே தெருவில் 75 சதவீத உயர்வோடு அரையாண்டு வரி 5,687 ரூபாய். 1,210 சதுர அடி என்று பதிவாகியிருந்தால் 100 சதவீத உயர்வு பாய்ந்து 6,554 ஆகிறது. பத்து சதுர அடிக்கு, அதாவது ஒரு சின்ன ஷெல்ஃப் வைக்கும் இடத்துக்கு, ஆண்டுக்கு 1,730 ரூபாய்க்கு மேல். வருமான வரியைப் போல வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்பது இங்கே இல்லை. வரம்பைத் தாண்டினால் மொத்த வீட்டுக்கும் அடுத்த படி.

அடுக்குமாடி வீடுகளில் தவறு நுழையும் இடமும் இதுவே. பில்டர் விற்கும்போது சொல்கிற பரப்பில் மாடிப்படி, லிஃப்ட், நடைவழி எல்லாவற்றின் பங்கும் ஏறியிருக்கும். 1,050 சதுர அடி வீடு விளம்பரத்தில் 1,300 ஆகிவிடும். கிரயப் பத்திரத்திலும் அதே எண் போய், வரி விதிக்கும்போது அப்படியே பதிவேறினால் படியே மாறிவிடும். எதிர்த் திசையிலும் நடக்கும். முதல் மாடிக்கு மட்டும் வரி விதித்திருப்பார்கள், பின்னால் எழுப்பிய இரண்டாம் மாடி பதிவிலேயே இருக்காது. சென்னையில் ட்ரோன் படம் எடுத்து, ஜிஐஎஸ் என்ற கணினி நில வரைபடத்தோடு பதிவேட்டை ஒப்பிட்டது இப்படிப்பட்ட வீடுகளைப் பிடிக்கத்தான். ஒளிந்திருக்கும் மாடி இனி அதிக நாள் ஒளிய முடியாது. நாமே போய்த் திருத்திக்கொள்வது நல்லது. பின்னால் சேர்ந்து வரும் நிலுவை ஒரே மூச்சில் கட்டுகிற தொகையாக இருக்காது.

பில்லைக் கையில் எடுத்தால் தொகையைப் பார்ப்பதற்கு முன் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். வரி எண், பரப்பு, தெரு, பயன்பாடு. சென்னையில் வரி எண் என்பது மண்டலம், வார்டு, பில் எண், சப் எண் என்று நான்கு துண்டுகள் சேர்ந்தது. ஆன்லைனில் கட்டும்போது சப் எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் பணம் பக்கத்து வீட்டுக் கணக்கில் விழும். ரசீது உங்கள் கையில், வரவு அவர்கள் பெயரில். ‘பே’ பட்டனை அழுத்துவதற்கு முன் திரையில் வருகிற பெயரையும் கதவு எண்ணையும் படித்துவிட்டால் பிறகு மண்டல அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

தெருவைச் சரிபார்ப்பது மூலை வீட்டுக்காரர்களுக்கு முக்கியம். பிரதான சாலைக்கும் உட்தெருவுக்கும் விகிதம் வேறு. வாசல் உட்தெருவில் இருக்க, பதிவில் சாலையின் பெயர் ஏறியிருந்தால் வித்தியாசம் கணிசம். பயன்பாடு இன்னும் பெரிய விஷயம். கீழே கடை, மேலே வீடு என்றால் கடைப் பகுதிக்கு மட்டுமே வணிக விகிதம் வர வேண்டும். சென்னையில் பழைய வணிக விகிதம் சதுர அடிக்கு 4 முதல் 12 ரூபாய். 2022-இல் அதன் மேல் 150 சதவீதம் உயர்வு. கடையைக் காலி செய்து அறையாக மாற்றி ஐந்து வருடம் ஆகியும் வணிக விகிதத்திலேயே கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அலுவலகம் தானாக வந்து குறைக்காது. மனு கொடுத்து, உரிமம் ரத்தான கடிதமோ மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்துக்கு மாறிய அட்டையோ இணைத்து, அளவு பார்க்க வரச் சொல்ல வேண்டும். வரி ஏற்றி அறிவிப்பு வந்தால் அதில் குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். பில் கலெக்டரிடம் வாயால் சொன்னதற்குக் கோப்பில் இடமில்லை.

பழைய வீடோ மனையோ வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றிதழை வரிக்கு வரி படிப்பார்கள். சொத்து வரி பாக்கியைப் பார்க்க மறந்துவிடுவார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் தெரியும், வரி பாக்கி தெரியாது. பாக்கியோ ஆளோடு போகாமல் சொத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது. முந்தைய உரிமையாளர் எட்டு வருடம் கட்டாமல் விட்டிருந்தால் அறிவிப்பு புதிய உரிமையாளர் வீட்டுக் கதவில்தான் ஒட்டப்படும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வரி எண்ணை வாங்கி, இணையத்தில் நிலுவையைப் பார்த்து, விற்பவர் செலவிலேயே தீர்க்கச் சொல்ல வேண்டும். தனி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிய இடங்களில் இன்னொன்று: ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் புது எண் வந்தபிறகும் பழைய வீட்டின் எண் ரத்தாகாமல் உயிரோடு இருக்கும், அதன் பேரில் பாக்கி ஏறிக்கொண்டே போகும். அதை ரத்து செய்யச் சொல்வது பில்டர் வேலை என்று எல்லோரும் நினைப்பார்கள், பில்டர் சாவியைக் கொடுத்ததோடு போய்விடுவார்.

பெயர் மாற்றம் தனி வேலை. பத்திரம் பதிவானாலும், பட்டா மாறினாலும், சில இடங்களில் வரிப் பதிவேட்டில் பழைய பெயரே இருக்கும். கிரயப் பத்திர நகல், கடைசி வரி ரசீது, உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். அதே சமயம், வரி ரசீதில் பெயர் இருப்பதாலேயே வீடு அவருடையது ஆகிவிடாது. நகராட்சி, வருவாய்ப் பதிவேடுகளில் பெயர் மாறுவது உரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அண்ணன் பெயரில் இருபது வருட ரசீது இருக்கிறது என்று பாகப்பிரிவினையில் வாதாடுகிறவர்கள் இதைக் கேட்டு ஏமாந்துபோவார்கள்.

கட்டும் காலம் எளிது. ஏப்ரல் முதல் செப்டம்பர் ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் அடுத்தது. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சம் 5,000 ரூபாய். நம் 900 சதுர அடி வீட்டுக்கு 226 ரூபாய் மிச்சம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளுக்குப் பிறகு, அரையாண்டு முடிந்தும் கட்டாவிட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி. சென்னையில் குடிநீர் வாரியத்தின் வரி தனி பில். அது ஆண்டு மதிப்பில் வருடத்துக்கு 7 சதவீதம். மாநகராட்சிக்குக் கட்டிவிட்டதால் அதுவும் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டு மதிப்பில் உள்ள தவறு அந்தப் பில்லிலும் எதிரொலிக்கும் என்பதால், மாநகராட்சியில் திருத்திய பிறகு வாரியத்திலும் போய்க் கேட்க வேண்டும்.

கிராம ஊராட்சிகளில் வீட்டு வரி ஆண்டுக்கு ஒருமுறை. கான்கிரீட்டா, ஓடா, கூரையா என்ற கட்டட வகையும் பரப்பும் வைத்து முடிந்துவிடும், தொகையும் சிறிது. ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கிறார்கள் என்றதும் ஊரே திரண்டு எதிர்ப்பதற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒன்று. உள்ளாட்சிக்குக் கட்டிய சொத்து வரியை, வாடகை வருமானத்துக்கான வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் உரிமையாளர் கட்டியிருக்க வேண்டும், அந்த நிதியாண்டிலேயே கட்டியிருக்க வேண்டும். பில் வந்தது, கட்டவில்லை என்றால் கழிவு இல்லை. பழைய பாக்கியை இந்த ஆண்டு தீர்த்தால் அந்த மொத்தத்தையும் இந்த ஆண்டிலேயே கழிக்கலாம்.

இனி வண்டி. சொந்த வாகனங்களுக்குத் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி. 2023 நவம்பர் முதல் விகிதங்கள்: இருசக்கர வாகனம் ஒரு லட்சம் ரூபாய் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12. கார் 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. முன்பு கார்களுக்கு 10 லட்சம் வரை 10, அதற்கு மேல் 15 என்று இரண்டே படி.

இங்கேயும் வரம்பு தாண்டினால் மொத்த விலைக்கும் மேல் விகிதம்தான். விலை 9,99,000 ரூபாய் என்றால் வரி 1,29,870. அதே காரின் அடுத்த வேரியன்ட் 10,01,000 என்றால் வரி 1,80,180. இரண்டாயிரம் ரூபாய் விலை வித்தியாசம், ஐம்பதாயிரம் ரூபாய் வரி வித்தியாசம். சன்ரூஃப் ஆசையில் வேரியன்ட் மாற்றுகிறவர்கள் ஷோரூம் விலையை மட்டும் ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது ஆன்-ரோடு விலையை. விற்பனைப் பிரதிநிதியிடம் வாழ்நாள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஆக்சஸரி என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ஆர்டிஓ சார்ஜ்’ என்று ஒரே வரியில் ஒரு முழு எண் இருந்தால், அதற்குள் வரி எவ்வளவு, வேறு எது ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. கட்டியபின் வரி ரசீதில் இருக்கும் தொகையோடு அந்தச் சீட்டை ஒப்பிட்டால் புரிந்துவிடும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா, கனெக்டிகட் பக்கம் குடியேறிய நம்மவர்களுக்கு இந்த ‘ஒருமுறை கட்டினால் முடிந்தது’ ஏற்பாடு இல்லை. அங்கே காரும் வீட்டைப் போல ஒரு சொத்து. கவுன்டியோ டவுனோ ஒவ்வோர் ஆண்டும் காரின் அப்போதைய மதிப்புக்கு வரி கேட்கும். கார் பழசாக ஆக வரி குறையும். நம் முறையில் மூன்று வருடத்தில் விற்பவரும் பதினைந்து வருடம் ஓட்டுபவரும் முதல் நாளில் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். அடிக்கடி வண்டி மாற்றுகிறவருக்கு இது நட்டம். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவருக்கு லாபம், மாநிலத்துக்குள்ளேயே கைமாறினால் அவர் மறுபடி வாழ்நாள் வரி கட்ட வேண்டியதில்லை. படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றினால் போதும்.

மாநிலம் தாண்டினால்தான் சிக்கல். பெங்களூருவில் வாங்கிய காரோடு சென்னைக்கு வேலை மாற்றி வந்தால், 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருப்பதற்கு மறுபதிவு வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. அதற்குப் பழைய ஆர்டிஓவிடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, இங்கே படிவம் 27-இல் புது எண்ணுக்கு விண்ணப்பம். வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறைந்த விகிதத்தில் இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அது தானாக வராது. இங்கே பதிவான புது ஆர்சி நகலோடு பழைய ஆர்டிஓவில் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் வரும் செலவு இங்கே, பின்னால் வரும் வரவு அங்கே; அந்த இரண்டாவது நடையைப் பலர் நடப்பதே இல்லை. தடையில்லாச் சான்று வாங்கும்போதே அங்கே கட்டிய வரி ரசீதின் நகலை எடுத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும், அதுதான் பெரும்பாலும் வாரக்கணக்கில் இழுக்கும்.

மின்வாகனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை முழு வரிவிலக்கு தந்திருந்தார்கள். இப்படிப்பட்ட விலக்குகள் தேதி போட்டு வருபவை. நீட்டித்தால் அதற்குத் தனி அரசாணை உண்டு. புக்கிங் தேதி கணக்கில்லை, பதிவின்போது எது நடப்பில் இருக்கிறதோ அதுதான்.

‘வாழ்நாள்’ என்ற பெயரை நம்பி 15 வருடத்துக்குப் பிறகு ஆர்சியை மறந்துவிடுபவர்களும் உண்டு. பதினைந்து முடிந்ததும் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அப்போது பசுமை வரியும் சேரும்: ஐந்து ஆண்டுக்கு இருசக்கர வாகனத்துக்கு 750, காருக்கு 1,500 ரூபாய். தொகை பெரிதில்லை. புதுப்பிக்காமல் ஓட்டி விபத்து நடந்தால், ஆர்சி காலாவதி என்பதைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் தகராறு செய்யும். ஓடாமல் ஷெட்டில் கிடக்கும் ஸ்கூட்டர் என்றால் பதிவை ரத்து செய்து, பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கிவிடுவதே மேல். காயலாங்கடையில் எடைக்குப் போட்டுவிட்டு ஆர்சியை அலமாரியில் வைத்திருந்தால், அந்த எண் பலகையோடு யாராவது எங்காவது ஓட்டும்போது அபராதச் சீட்டு உங்கள் கைபேசிக்குத்தான் வரும்.